கார் கை மாறுகிறது. எச்சரிக்கை கை மாறுவதில்லை!

பிரேக் விளக்கு எரியாத பழைய கார்களால் வரும் ஆபத்து

காரில் எத்தனையோ விளக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு விளக்கு மட்டும் எரிகிறதா, இல்லையா என்பது காரை ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

எது அந்த விளக்கு?

பிரேக் விளக்கு!

பிரேக்கை மிதித்ததும் காரின் பின்புறம் பளிச்சென்று சிவப்பாக எரிகிறதே, அதுதான். அது பின்னால் வருகிறவருக்காக வைத்த விளக்கு.

முன்விளக்கு கெட்டுப்போனால் பாதை இருண்டு விடும். ஓட்டுகிறவர் உடனே ஒர்க்ஷாப்புக்கு ஓடுவார். ஹாரன் கெட்டுப்போனால் அன்றைக்கே சரி செய்து விடுவார். பிரேக் விளக்கு கெட்டுப்போனால் அப்படி இல்லை. வண்டி எப்போதும் போல ஓடும். பிரேக்கும் எப்போதும் போலப் பிடிக்கும். மாதக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது.

ஆனால், "நான் நிற்கப் போகிறேன்" என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்ல வேண்டிய வாய் ஊமையாகி இருக்கும்.

பழைய கார்களில் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. சில சமயம் அது வயதால் வருவது. சில சமயம் காரைச் செய்த கம்பெனியே செய்த தவறு. கம்பெனியின் தவறு என்றால், அதை இலவசமாகச் சரி செய்து கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும், பழைய கார் வாங்கியவருக்கு அந்தச் செய்தி பல நேரங்களில் போய்ச் சேருவதில்லை.

ஏன் சேருவதில்லை? அதுதான் இன்றைய கேள்வி.

கிருஷ்ணன்கோவில் சாலையில்

விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். திருமங்கலத்தில் இருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை, இந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது.

கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரிகள் ஒரு பக்கம். மதுரை பஸ்கள் ஒரு பக்கம். ராஜபாளையம் மில்களுக்கு வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம். கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்கள் ஒரு பக்கம்.

அமாவாசை, பவுர்ணமி வந்தால் சதுரகிரி மலைக்குப் போகும் பக்தர்கள் இங்கே வந்துதான் வத்திராயிருப்பு பக்கம் திரும்புகிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் குற்றால சீசன் கார்கள். கார்த்திகை, மார்கழியில் அய்யப்ப பக்தர்களின் வேன்கள்.

இப்படிப்பட்ட சாலையில் எல்லோரும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒருவர் பெட்ரோல் பங்கைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார். ஒருவர் பக்கத்துத் தோப்புக்குத் திரும்புவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையைக் கண்டதும் ஒரு கார் சட்டென்று நிற்கும்.

முன்னால் போகிற கார் நிற்கப் போவதைப் பின்னால் வருகிறவர் எப்படித் தெரிந்து கொள்கிறார்? அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான்.

ஒரு நொடியில் எவ்வளவு தூரம்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அது ஒரு பஸ்சின் நீளத்தை விட அதிகம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 22 மீட்டர்.

பிரேக் விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவரின் கால் உடனே பிரேக்குக்குப் போகிறது. எரியாவிட்டால் என்ன நடக்கும்? முன்னால் போகிற கார் தன்னை நோக்கிப் பெரிதாகி வருவது போலத் தோன்றும். "என்ன இது?" என்று மனம் ஒரு கணம் திகைக்கும். பிறகுதான் கால் போகும்.

அந்தத் திகைப்பு ஒரு நொடிதான். அதற்குள் வண்டி ஒரு பஸ் நீளத்தைத் தாண்டி விடுகிறது. மழை பெய்யும் இரவானால் கேட்க வேண்டியதே இல்லை.

மத்திய அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே மட்டும் 64,105 விபத்துகள்.

அந்த ஆண்டில் நாட்டில் நடந்த விபத்துகளில், ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னால் இருந்து வந்து மோதியவை. நேருக்கு நேர் மோதியவற்றை விட இவை அதிகம்!

இவை எல்லாமே பிரேக் விளக்கு எரியாததால் நடந்தவை அல்ல. வேகம், தூக்கம், குடி, ஒட்டியபடி ஓட்டுவது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் பின்னால் இருந்து மோதுவதைத் தடுக்க, முன்னால் போகிற வண்டி செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான். நேரத்தோடு சொல்வது! அந்த வேலையைச் செய்வது பிரேக் விளக்கு.

டாக்சிகளில் ஒரு சோதனை

இந்த விளக்கின் பெருமையைக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1970-களின் தொடக்கத்தில் நடந்தது.

ஜான் வோவோட்ஸ்கி என்ற மனோதத்துவ நிபுணர், 343 டாக்சிகளின் பின்புறக் கண்ணாடிக்குக் கீழே, நடுவில், கூடுதலாக ஒரு விளக்கைப் பொருத்தினார். பிரேக் போட்டால் அது மினுக்கும். மற்ற டாக்சிகளை அப்படியே விட்டுவிட்டார்.

கூடுதல் விளக்கு வைத்த டாக்சிகளில், பின்னால் இருந்து மோதும் விபத்துகள் பாதிக்கும் மேல் குறைந்து விட்டன!

பிறகு அந்த நாட்டில் 1986-ம் ஆண்டு மாடல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம் ஆயிற்று. ஊரெல்லாம் அந்த விளக்கு வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு பலன் குறைந்தது. 1998-ல் பார்த்த கணக்கின்படி, அத்தகைய விபத்துகளில் 100-க்கு 4 என்ற அளவில்தான் மிச்சம். ஆனாலும் நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அது சின்னக் கணக்கு அல்ல.

ஏற்கெனவே எரியும் இரண்டு விளக்குகளோடு மூன்றாவது சேர்ந்ததற்கே இவ்வளவு பலன். ஒன்றுமே எரியாவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

விளக்கு எப்படி எரிகிறது?

பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பெடலை மிதித்ததும் அந்த ஸ்விட்ச் வேலை செய்கிறது. பேட்டரியில் இருந்து வரும் மின்சாரம் பியூஸ் வழியாக, ஸ்விட்ச் வழியாக, ஒயர் வழியாகப் பின்னால் போய்ப் பல்பை எரிய வைக்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் உண்டு.

இந்த வழியில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் விளக்கு எரியாது.

பலர் ஏமாந்து போகும் இடம் ஒன்று இருக்கிறது. பல கார்களில் பின்பக்கத்து இரவு விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்புக்குள் இருக்கின்றன. உள்ளே இரண்டு இழைகள். மங்கலாக எரியும் இழை 5 வாட். பளிச்சென்று எரியும் இழை 21 வாட். 21 வாட் இழை அறுந்து போனாலும் 5 வாட் இழை எரிந்து கொண்டே இருக்கும். "பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதே!" என்று சொந்தக்காரர் நிம்மதியாக இருப்பார். பிரேக் விளக்கு செத்துப் பல நாள் ஆகியிருக்கும்.

பல்பு மாற்றியும் எரியவில்லையா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் சொல்லும் குறை இது: "போன மாதம்தான் பல்பு மாற்றினோம். மறுபடியும் போய்விட்டது."

மறுபடி மறுபடி போனால், குற்றம் பல்பில் இல்லை என்றுதான் அர்த்தம். ஸ்விட்ச் தேய்ந்திருக்கலாம். பல்பு மாட்டும் ஹோல்டரில் மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கலாம். எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். அழகுக்காக மாட்டிய வேறு விளக்குகள் ஒயரிங்கைக் கெடுத்திருக்கலாம்.

இன்னொரு விதமும் உண்டு. சில கார்களில் பிரேக் விளக்கு அணையவே அணையாது. மிதித்தாலும் எரியும், மிதிக்காவிட்டாலும் எரியும். இது எரியாத விளக்கை விடக் கெட்டது. "புலி வருது, புலி வருது" என்று பொய்யாகக் கத்திய பையனின் கதைதான். உண்மையாகப் புலி வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

புதிய வகைக் கார்களில், ஸ்விட்ச் கெட்டால் வேறு அறிகுறிகளும் தெரியும். பட்டனை அழுத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் நகராது. பிரேக்கை மிதித்திருக்கிறார்கள் என்பது காருக்கே தெரியாமல் போவதுதான் காரணம். இந்த அறிகுறிகளைக் கண்டால், பின்னால் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கம்பெனிகள் செய்த தவறுகள்

இந்தக் கோளாறுக்குப் பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, 2009-ம் ஆண்டு ஜனவரியில் சுமார் 8,000 கார்களை மட்டும் பிரேக் விளக்குக் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. புகார்கள் நிற்கவில்லை. கடைசியில் 2014-ம் ஆண்டு மே மாதத்தில், 24 லட்சம் கார்களை அழைக்க வேண்டியதாயிற்று. 2004 முதல் 2012 வரை வந்த மாடல்கள் அவை. அதற்குள் 13 விபத்துகள் நடந்திருந்தன. 2 பேர் காயம் அடைந்திருந்தார்கள்.

கோளாறு என்ன? ஒயரும் கம்ப்யூட்டர் பெட்டியும் சேரும் இடத்தில் அரிப்பு. அதைச் சரி செய்யப் பூசியது ஒரு வகைப் பசை! கொஞ்சம் பசையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், 5 ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போயிற்று. அதற்குள் அந்தக் கார்களில் எத்தனை கை மாறியிருக்கும்!

தென்கொரியாவின் ஹூண்டாய், கியா கம்பெனிகள் 2013-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் கார்களை அழைத்தன. பெடலுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச்தான் காரணம்.

ஜப்பானின் சுபாரு கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கையானது. காருக்குள் பயன்படுத்தும் பாலிஷ், அழகு சாதனப் பொருட்கள் ஆகியவற்றில் இருந்து கிளம்பும் சிலிக்கோன் ஆவி, ஸ்விட்சுக்குள் புகுந்து படிந்து விட்டது. மின்சாரம் பாயவில்லை. பிரேக் விளக்கு எரியவில்லை! 2019-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 22 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களை அந்தக் கம்பெனி அழைத்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஹோண்டா மோட்டார் சைக்கிள் கம்பெனி 2023-ம் ஆண்டு டிசம்பரில், சி.பி.350 வகை மோட்டார் சைக்கிள்களில் சிலவற்றை அழைத்தது. பின் பிரேக் விளக்கு ஸ்விட்சில் உள்ள ரப்பர் பாகத்தில் குறை. அதனால் விளக்கு சரியாக எரியாமல் போகலாம் என்று கம்பெனியே சொன்னது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கம்பெனிகள் குறையை ஒப்புக்கொண்டு அழைத்தன. அழைத்த கம்பெனி மோசமான கம்பெனி என்று நினைக்கக் கூடாது. குறை இருந்தும் வாய் திறக்காமல் இருப்பதுதான் மோசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"திரும்ப அழைப்பு" என்றால், கம்பெனி காரைப் பிடுங்கிக்கொள்ளும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. காரைக் கொண்டுவரச் சொல்லி, குறையுள்ள பாகத்தை மாற்றிக் கொடுப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள்.

இந்தியாவில் 2012-ம் ஆண்டு ஜூலை முதல், கார் கம்பெனிகளின் சங்கம் தானாக முன்வந்து இதற்கு ஒரு முறை வகுத்தது. அடுத்த ஆண்டே, சென்னைக்கு அருகே மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்திருந்த போர்டு கம்பெனி, 1,66,021 கார்களை அழைத்தது. அது பின் அச்சு, ஸ்டியரிங் குழாய் ஆகியவற்றில் இருந்த குறைக்காக.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன.

ஆண்டுக்கு 10,000-க்கு மேல் விற்பனையாகும் கார் வகை என்றால், 1,250 புகார்கள் சேர்ந்தால் அரசாங்கம் நடவடிக்கையில் இறங்கலாம். கம்பெனி தானாக அழைக்காமல் அரசாங்கம் கட்டாயப்படுத்தி அழைக்க வைத்தால், 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு வரம்பு இருக்கிறது. 7 வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்தக் கட்டாயம்.

எட்டாவது வயதில் யார் கவனிப்பார்கள்?

சொந்த உபயோகக் கார் ஒன்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். லாரி, பஸ், டாக்சிகளைப் போல அதற்கு எப்.சி. சோதனை கிடையாது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் அதிகாரி வண்டியைச் சுற்றிப் பார்ப்பார்.

7 வயது வரை கம்பெனியை அரசாங்கம் பிடிக்கலாம். 15 வயதில் காரை அதிகாரி சோதிப்பார். நடுவில் 8 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த 8 ஆண்டுகளுக்குக் கேட்பார் இல்லை.

கார்கள் கை மாறுவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான்!

சிங்கப்பூரில் இப்படி இல்லை. அங்கே 3 வயதைத் தாண்டிய காரை 2 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். அமெரிக்காவில் 15 ஆண்டு வரையுள்ள கார்களின் குறையைக் கம்பெனி இலவசமாகச் சரி செய்ய வேண்டும் என்று 2015-ல் சட்டம் வந்தது. ஆனால் பழைய கார் வியாபாரி, குறையைச் சரி செய்யாமல் காரை விற்கக் கூடாது என்று அங்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. ஓட்டை அங்கேயும் இருக்கிறது.

கடிதம் யாருக்குப் போகிறது?

ஒரு உதாரணம் பார்ப்போம்.

மதுரையில் ஒருவர் புதிய கார் வாங்குகிறார். கம்பெனியிடம் இருப்பது அவருடைய முகவரி. அவருடைய செல்போன் நம்பர். 5 ஆண்டு கழித்துக் காரைப் புரோக்கர் ஒருவரிடம் விற்கிறார். அந்தப் புரோக்கரிடம் இருந்து ராஜபாளையத்தில் ஒரு குடும்பம் காரை வாங்குகிறது. மகளைக் கல்லூரிக்கு அனுப்ப, பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய கார் அது.

பிறகு கம்பெனி அந்த வகைக் கார்களை அழைக்கிறது. கடிதம் எங்கே போகும்? மதுரைக்கு! செல்போன் செய்தியும் மதுரைக்காரருக்கே போகும். "நான்தான் விற்று விட்டேனே" என்று அவர் அதை அழித்து விடுவார். ராஜபாளையத்துக் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது.

கார் கை மாறியது. எச்சரிக்கை கை மாறவில்லை.

பெயர் மாற்றம் செய்யாமல் ஓட்டுவது இந்தக் கேட்டை இன்னும் பெரிதாக்குகிறது. ஒரே மாநிலத்துக்குள் காரை விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது சட்டம். ஆனால் "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பிறகு அரசாங்கமே தேடினாலும் சொந்தக்காரர் கிடைக்க மாட்டார்.

பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் புதிய விதிகள் வந்தன. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, தங்களிடம் இருக்கும் வண்டிகளுக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது விதி. இது ஒரு நல்ல தொடக்கம்.

குறை யார் தலையில் விழும்?

சிவப்பு நிறப் பிரேக் விளக்கு எரிய வேண்டும் என்பது மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குறை தெரிந்து ஓட்டினாலும் குற்றம். சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கக் கூடிய குறையோடு ஓட்டினாலும் குற்றம். அதற்கு 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து யாராவது காயம் அடைந்தால், 3 மாதம் வரை சிறைத்தண்டனை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கார் வைத்திருப்பவர் மீது சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. அது நியாயம்தான். அதே கண்டிப்போடு, எச்சரிக்கை அவர் கைக்குப் போய்ச் சேரவும் வழி செய்ய வேண்டாமா?

அரசாங்கம் என்ன செய்யலாம்?

பெரிய செலவு இல்லாத வழிகள் இருக்கின்றன.

ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேசிஸ் நம்பர் உண்டு. அது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அழைக்கப்பட்ட கார்களின் சேசிஸ் நம்பர் பட்டியல் கம்பெனியிடம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒப்பிட்டு, இன்றைய சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பலாம். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் வரும்போதே, "இந்தக் காருக்குத் தீராத அழைப்பு ஒன்று இருக்கிறது" என்று சொல்லி விடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடக்கும் பெயர் மாற்றத்துக்கும் இது பொருந்தும்; சென்னைக்கும் பொருந்தும்.

ஆண்டுதோறும் இன்சூரன்சு புதுப்பிக்கும்போதும் இதையே செய்யலாம். இன்சூரன்சு ரசீதில் இன்றைய சொந்தக்காரரின் பெயர் இருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. புகைச் சோதனை! அந்தச் சோதனைக்குப் பெரும்பாலான கார்கள் போக வேண்டும். சோதிக்கிறவர் எங்கே நிற்கிறார்? காருக்குப் பின்னால், புகைக்குழாய்க்குப் பக்கத்தில். "கொஞ்சம் பிரேக்கை மிதியுங்கள்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எரிகிறதா, இல்லையா என்று சீட்டில் எழுதி விடலாம். புதிய இயந்திரம் வேண்டாம். புதிய ஆள் வேண்டாம்.

வாங்குகிறவர் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் இந்தக் காரியங்களைச் செய்யலாம்.

1. விலை பேசும் முன்பு, ஒருவர் பிரேக்கை மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இடது, வலது, நடு விளக்கு மூன்றும் எரிய வேண்டும். காலை எடுத்ததும் அணைய வேண்டும். இரவு விளக்கைப் போட்ட பிறகு மறுபடியும் மிதித்துப் பார்க்க வேண்டும். அப்போது வெளிச்சம் தெளிவாகக் கூட வேண்டும்.

2. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும். காரில் பொறித்திருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பல கார் கம்பெனிகளின் இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால், அழைப்பு உண்டா, இல்லையா என்று தெரிந்து விடும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இதை நொடியில் செய்து கொடுப்பார்கள். முடியாவிட்டால் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேட்கலாம். அழைப்பு காருக்குத்தான், ஆளுக்கு அல்ல. எத்தனை கை மாறியிருந்தாலும் தயங்காமல் கேட்கலாம்.

3. வாங்கியதும் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். கம்பெனியின் சர்வீஸ் நிலையத்திலும் தன் பெயரையும் செல்போன் நம்பரையும் பதிய வேண்டும். எச்சரிக்கை வீடு தேடி வர இதுதான் வழி.

4. ஒரே கோளாறு மறுபடி மறுபடி வந்தால், பல்பை மட்டும் மாற்றிக்கொண்டு இருக்கக் கூடாது. ஸ்விட்சையும் ஒயரிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதே வகைக் கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அதே கோளாறு இருந்தால், அரசாங்கத்தின் வாகன் இணையதளத்தில் புகாரைப் பதியலாம். ஒவ்வொரு புகாரும் கணக்கில் சேருகிறது.

5. கம்பெனியோ, விற்றவரோ நியாயம் செய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே சோதனைதான். கையால் பிடிக்கும் பிரேக்குக்கு ஒரு ஸ்விட்ச். காலால் மிதிக்கும் பிரேக்குக்கு ஒரு ஸ்விட்ச். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு நிமிட வேலை

தனியாக இருக்கிறவருக்கும் வழி உண்டு. இரவில் காரின் பின்புறத்தைச் சுவர் பக்கமாக நிறுத்தி பிரேக்கை மிதித்தால், சுவரில் சிவப்பு வெளிச்சம் விழும். கண்ணாடியில் பார்த்துக் கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால், அந்தப் பக்கத்து விளக்கு எரியவில்லை என்று அர்த்தம்.

சாலையில் போகும்போது முன்னால் செல்லும் வண்டியின் பிரேக் விளக்கு எரியாததைக் கண்டால், அடுத்து நிற்கும் இடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். அவருக்கு அது தெரியாது. அவருடைய கண்ணுக்கு அது தெரியாத இடத்தில் இருக்கிறது. சைடு ஸ்டாண்டை எடுக்காமல் போகிறவரைக் கூவி நிறுத்துகிற ஊர் இது. இதையும் சொல்ல முடியாதா?

இன்று ஞாயிற்றுக்கிழமை. கார் வீட்டு வாசலில் நிற்கும். பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். அப்பா உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதிக்கட்டும். பிள்ளைகள் பின்னால் நின்று, "எரிகிறது" என்றோ, "எரியவில்லை" என்றோ சொல்லட்டும்.